பொட்டு இல்லாத பக்கம்

பலாப்பழம் அறுப்பதற்கு முன் இரண்டு கையிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். கத்திக்கும் தடவ வேண்டும். பண்ருட்டிக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காயத்ரி மேடம், நீங்கள் கோயம்புத்தூர்க்காரர் என்பதால் சொல்கிறேன். எண்ணெய் இல்லாமல் கை வைத்தால் பால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், சோப்புக்கும் போகாது, இரண்டு நாளைக்குப் பேனா பிடிக்க முடியாது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதனால் இந்த விஷயத்தில் நான் எப்போதும் ஜாக்கிரதையாக இருப்பேன்.

நீங்கள் கேட்டது பலாப்பழத்தைப் பற்றி இல்லை என்பது தெரியும். அட்டவணையில், பொடி சலிக்கிற சலிப்பு அறைக்கு நேராக ஏன் அந்த எண்களைப் போட்டேன் என்று இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு வாரமே போதும். ஆனால் பலாப்பழத்தில் தொடங்கினால்தான் விளக்கம் ஒழுங்காக வரும். எங்கள் ஆலைத் தொழிலாளி சாமிக்கண்ணு 2004 முதல் வருடத்துக்கு ஒரு பழம் வீதம் இதுவரை எனக்கு இருபத்திரண்டு பழம் கொடுத்திருக்கிறார். காரணம் இல்லாமல் யாரும் இருபத்திரண்டு பழம் கொடுக்க மாட்டார்கள்.

உங்கள் விசாரணைக் குழுவில் புதியவர்களும் இருக்கலாம் என்பதால் என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் வைத்திலிங்கம். வயது அறுபத்தாறு. கடலூர் சிப்காட்டில் இருந்த ஒரு மஞ்சள் சாயப்பொடி ஆலையில் வேதியியலாளராகச் சேர்ந்து, பாதுகாப்பு அதிகாரியாக ஓய்வு பெற்றேன். சாலையில் போடுகிற மஞ்சள் கோட்டுக்கு வேண்டிய பொடி அது. ஈயமும் குரோமியமும் சேர்ந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். எங்கள் ஆலையில் வேலை செய்பவனுக்குக் கல்யாணத்தில் நலங்கு வைக்க வேண்டியதில்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். வாசலில் படுத்திருந்த நாய்கூட மஞ்சளாகத்தான் இருந்தது, ஒரு மழைக்காலத்தில்தான் அது வெள்ளை நாய் என்று தெரிந்தது. 2016 தொடக்கத்தில் ஆலையை மூடிவிட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். பழைய தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறது, கை நடுங்குகிறது, ஒவ்வொருவரும் அந்தக் காலத்தில் எவ்வளவு ஈயத்தைச் சுவாசித்திருப்பார்கள் என்று கணக்கிட வேண்டும் என்றீர்கள். போன காற்றைப் பிடித்து அளக்க முடியாது. அதனால் ஒரு பக்கம் வேலை, மறுபக்கம் வருடம் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஓர் எண் போட வேண்டும். அந்த ஆலையில் காற்றை அளந்து பதிவேடு வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். செவ்வாய்க்கிழமை தோறும் கடலூரிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். மதியத்துக்கு நீங்கள் வாங்கித் தந்த சம்பா சாதமும் கொத்சும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் என்னைக் கேட்டு ஓர் எண்ணை எழுதிக்கொள்வது எவ்வளவு சந்தோஷம் என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

எண்களைக் கூட்டி வருவது ஒவ்வொருவரின் மதிப்பெண். பதினைந்துக்கு மேல் இருந்தால் முதல் பட்டியல். முதல் பட்டியலில் அறுபது இடம். அந்த அறுபது பேருக்கு, உடம்பில் தங்கிய ஈயத்தை வெளியே எடுக்கிற சிகிச்சை உடனே கிடைக்கும். மற்றவர்கள் அடுத்த திட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஜனவரியில் பட்டியல் வந்தது. என் மனைவி சௌந்தரத்தின் தம்பி கதிர்வேல் பதினெட்டு மதிப்பெண் எடுத்து நாற்பத்தோராவது இடத்தில் இருந்தான். சாமிக்கண்ணு பன்னிரண்டு. அவர் பட்டியலில் இல்லை. இருவரும் வேலை பார்த்தது ஒரே சலிப்பு அறை, ஒரே சல்லடை. வருடம்தான் வேறு.

இதை முதலில் கவனித்தது நீங்கள் இல்லை. தொழிலாளர்களிடம் பேட்டி எடுக்க நீங்கள் வேலைக்கு வைத்த எழிலரசிதான் கவனித்தாள். அவள் சாமிக்கண்ணுவின் மகள். அவளுடைய அப்பாவை அவளே பேட்டி எடுக்கக் கூடாது என்று நீங்கள் வேறு ஆளை அனுப்பினீர்கள், அதெல்லாம் முறையாகத்தான் நடந்தது. பதிவேட்டை அவள் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, நீங்கள் வகுப்புக்குப் போயிருந்த நேரம், என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சார், ஒரு டவுட்டு. எல்லாப் பக்கத்துலயும் மேல செவப்பா ஒரு கறை இருக்கே, அது இன்னா சார்?"

"குங்குமம்மா."

"காத்து அளக்கறதுக்கு எதுக்கு சார் குங்குமம்?"

நான் சிரித்தேன். உண்மையிலேயே சிரிப்பு வந்தது. இருபது வருடமாக எந்த ஆய்வாளரும் கேட்காத கேள்வி.

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். காற்றை உறிஞ்சுகிற பம்பு சென்னையிலிருந்து 1998இல் வந்தது. விலை ஜாஸ்தி என்பதால் மேனேஜர் அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆயுத பூஜை வந்தபோது, கருவி என்றால் பூஜையில் வைக்கத்தானே வேண்டும் என்று வெளியே எடுத்தார். தராசு, ஸ்பேனர், டைப்ரைட்டர் ஆகியவற்றோடு பம்புக்கும் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தோம். வருடத்துக்கு ஒரு முறை காற்றை அளந்தால் போதும் என்பது நிர்வாகத்தின் முடிவு. பம்பு வெளியே வருவதும் வருடத்துக்கு ஒரு முறை. வந்ததே வந்தது, அன்றைக்கே ஓடவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. இதில் சதி ஒன்றும் இல்லை. பீரோ சாவியைக் கேட்டு மேனேஜர் முன்னால் நிற்க எனக்குக் கூச்சம், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று ஆலை எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்ததில்லை. முதல் நாளே தரையை மூன்று தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். எந்த இயந்திரமும் ஓடாது. சல்லடைக்கு மாலை போட்டிருக்கும். வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், கதவெல்லாம் திறந்து கடல் காற்று வரும். ஆட்கள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பொரிக்கும் சுண்டலுக்கும் வரிசையில் நிற்பார்கள். நடுவில் என் பம்பு பொட்டு வைத்துக்கொண்டு உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். பூஜை முடிந்ததும் பதிவேட்டில் புதுப்பக்கம் திருப்பி, மேலே குங்குமம் வைத்துவிட்டுத்தான் எழுதுவேன். எண்கள் அருமையாக வரும். ஒரு வருடம் மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது. விசாரித்ததில் யாரோ பம்புக்கு நேராகவே சாம்பிராணி காட்டியிருக்கிறார்கள்.

நான் பொய் எழுதினேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வோர் எண்ணும் உண்மை. அந்தந்த வருடம் அந்த ஒரு நாளில் காற்று அப்படித்தான் இருந்தது.

எழிலரசி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"பத்தொம்பது பக்கம் இருக்கு சார். பதினெட்டுல பொட்டு இருக்கு. இதுல மட்டும் இல்லை. 2004, பிப்ரவரி பத்து, செவ்வாக்கெழமை. அன்னிக்கி இன்னா சார் நடந்துச்சு?"

அந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் பலாப்பழத்தில் தொடங்கினேன்.

பம்பு பழுதாகி, சரிசெய்து திரும்பி வந்திருந்தது. பூஜைக்கு இன்னும் எட்டு மாதம். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் ஒரு சாதாரண வேலை நாளில், சலிப்பு அறையில் இருந்த கதிர்வேலின் இடுப்பில் பம்பைக் கட்டி, சட்டைக் காலரில் குழாயைச் செருகிவிட்டேன்.

"இன்னா மாமா, பாம்பாட்டி மாரி ஆக்கிட்டீங்க" என்றான்.

"சும்மா வேலையப் பாரு மச்சான்" என்றேன்.

ஆறு மணி நேரம் ஓடியது. பத்து நாள் கழித்துச் சென்னை ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. காற்றில் ஈயம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று விதி ஓர் அளவு சொல்கிறது அல்லவா, அதைப்போல முப்பத்திரண்டு மடங்கு. புள்ளி தவறிவிட்டதோ என்று போன் போட்டுக் கேட்டேன். புள்ளி சரியாகத்தான் இருந்தது.

ஒரு பாதுகாப்பு அதிகாரி என்ன செய்ய வேண்டுமோ அதை நான் அன்றைக்கே செய்தேன். கதிர்வேலை அங்கிருந்து எடுத்து, கேட் பக்கத்தில் இருந்த ஸ்டோருக்கு மாற்றினேன். என் மேசையையும் காற்று வரும் திசைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டேன். வேலைச் சட்டையைத் தனி வாளியில் துவைக்கும்படி சௌந்தரத்திடம் சொன்னேன். ஆலை கேண்டீனில் சாப்பிடுவதை விட்டேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வீட்டுச் சாப்பாடு எடுத்துப்போனேன்.

சல்லடையை ஆள் இல்லாமல் விட முடியாது. யாரையாவது போட வேண்டும். சாமிக்கண்ணு அப்போது வெயிலில் லாரிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முதுகு வலிக்கிறது, உள்ளே ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள் என்று இரண்டு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர். கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நெழல்ல வேலை குடுத்துட்டீங்க சார். ஃபேன் இருக்குதா சார் உள்ள?"

ஃபேன் இல்லை. அவருக்காக ஒன்று போட வைத்தேன். நேராக முகத்துக்கு அடிக்கிற மாதிரி, சல்லடைக்குப் பின்னால். பொடி எந்தத் திசையில் பறக்கும் என்று அப்போது யோசித்தேனா என்று கேட்பீர்கள். யோசித்தேன். வெறும் புழுக்கத்தில் நிற்பதற்கு அது தேவலை என்றுதான் நினைத்தேன்.

அந்த வருடம் ஜூன் மாதம் முதல் பலாப்பழம் வந்தது. பண்ருட்டியில் அவருடைய மாமனார் வீட்டு மரத்தில் காய்த்தது. சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, ஆலை விட்டதும் நேராக வீட்டுக்கே கொண்டுவந்தார். சௌந்தரம் காப்பி போடட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று வாசலோடு போய்விட்டார். இருபத்திரண்டு வருடமும் வாசலோடுதான். நானும் ஒருமுறை அவர் தெருவுக்குப் போயிருக்கிறேன். அவர் மனைவி சவரியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குத் தாகம் இல்லை.

அவரை ஏன் போட்டீர்கள், கதிர்வேலை ஏன் எடுத்தீர்கள் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. கதிர்வேலுக்கு அப்போது இரண்டு குழந்தைகள். சாமிக்கண்ணுவுக்கும் ஒரு குழந்தை இருந்தது உண்மைதான். ஆனால் தீபாவளிக்கு என் வீட்டில் இலை போட்டு எதிரே உட்காரப்போவது கதிர்வேலின் குழந்தைகள். மனிதனுக்கு எதிரே உட்காருபவர்களைப் பற்றித்தான் கவலை வரும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, இயல்பைச் சொல்கிறேன்.

சாமிக்கண்ணு பன்னிரண்டு வருடம் அந்த அறையில் இருந்தார். முதலில் பசி போயிற்று. பிறகு கை. 2011இல் பழத்தைத் தூக்க அவருக்கு மணிக்கட்டு நிற்கவில்லை. சைக்கிளை அவர் தள்ளிக்கொண்டு வர, பின்னால் பழத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை வந்தது. பள்ளிக்கூடச் சீருடை, இரட்டைப் பின்னல். பழத்தை மார்போடு அணைத்துத் தூக்கிவந்து என் வாசற்படியில் வைத்தது.

"இந்த சாருதான் அப்பாவுக்கு ஃபேன் போட்டுக் குடுத்தாரு, வணக்கம் சொல்லு" என்றார்.

வணக்கம் சொன்னாள். அன்றைக்கும் பழம் நன்றாக இருந்தது. ஆனால் என்னால் இரண்டு சுளைக்கு மேல் சாப்பிட முடியவில்லை. அதை ஒரு நல்ல குணமாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். நீங்கள் சலிப்பு அறையைக் கேட்டபோது என்னிடம் பத்தொன்பது பக்கம் இருந்தது. 1998 முதல் 2003 வரைக்குமான ஆறு பக்கத்தைப் பம்பு பழுது என்று சொல்லித் தள்ளிவைத்தேன். பம்பு பழுதானதும் உண்மை. அந்த வருடங்களுக்கு, பொட்டு இல்லாத பக்கத்தைக் காட்டி மூன்று போட்டேன். அது கதிர்வேலின் சட்டைக் காலரிலேயே எடுத்த காற்று, அவனுக்கே உரியது. 2004க்குப் பிறகு பூஜை நாள் பக்கங்களைக் காட்டினேன். அவற்றின்படி பார்த்தால் பூஜ்யம்தான். இரக்கப்பட்டு ஒன்று போட்டேன். திடீரென்று மூன்று எப்படி ஒன்றாயிற்று என்று நீங்கள் கேட்டீர்கள். காற்றோட்ட வசதி மேம்படுத்தப்பட்டது என்றேன். ஃபேன் போட்டதற்கான ரசீதைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். நல்ல நிர்வாகம் சார் என்று பாராட்டி எழுதிக்கொண்டீர்கள்.

சாமிக்கண்ணுவின் வருடங்களுக்கும் மூன்று போட்டிருந்தால் அவர் மதிப்பெண் முப்பத்தாறு. பட்டியலில் முதல் ஆள் அவராகத்தான் இருந்திருப்பார். கதிர்வேலுக்கும் பெரும்பாலும் இடம் கிடைத்திருக்கும். அப்படியானால் ஏன் போடவில்லை என்று எழிலரசியும் கேட்டாள், கத்தவில்லை, பதிவேட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். விடை எளிது. 2004க்குப் பிறகும் மூன்றுதான் என்று எழுதினால், பிப்ரவரியில் உங்களுக்கு எண் தெரிந்துவிட்டதே, தெரிந்த பிறகு அந்த அறைக்குள் யாரை அனுப்பினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். ஃபேன் அந்த அறையைச் சரிசெய்தாக வேண்டும், மேடம். இல்லாவிட்டால் நான் செய்தது வேறு ஏதோ ஆகிவிடும்.

எழிலரசி பதிவேட்டைக் காட்டிய பிறகு, நீங்கள் மே மாதம் பட்டியலைத் திருத்தினீர்கள். சாமிக்கண்ணு முதல் இடத்துக்கு வந்தார். ஆனால் மார்ச்சிலேயே அவருக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன. ஜனவரியில் கொடுத்திருந்தால் பலன் இருந்திருக்கும், இனி அந்தச் சிகிச்சையால் பயனில்லை என்று டாக்டர் சொன்னதாக எழிலரசி உங்களிடம் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். கதிர்வேல் சிகிச்சை முடிந்து தெம்பாக இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வந்து, "மாமா, நீங்க இல்லன்னா நான் இல்ல" என்றான். அவனுக்கு எதுவும் தெரியாது.

நான் வருத்தப்படவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறையவே வருத்தப்பட்டேன். இந்த ஜூனில் பழம் வராது என்றுதான் நினைத்தேன்.

வந்தது. எழிலரசி தன் ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தாள். படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இரட்டைப் பின்னல் இல்லை, மற்றபடி அதே முகம்தான்.

"அப்பா குடுத்து அனுப்பிச்சாரு."

"அவர்கிட்ட நீ சொல்லலையாம்மா?"

"சொல்லல சார். மெஷினுல படுத்துக்கிட்டு, வர்ற நர்ஸுகிட்ட எல்லாம் உங்க கதையைத்தான் சொல்றாரு. ஆயுசுல எனக்கு ஒரு மனுசன் நல்லது செஞ்சாரு, கேக்காமலே ஃபேன் போட்டுக் குடுத்தாருன்னு. அவருக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நான் எப்படி சார் புடுங்கறது?"

போய்விட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் வண்டி தெரு முனை திரும்பிவிட்டது.

ஆகவே நான் ஒப்புக்கொள்வது இதுதான். 2004 பிப்ரவரியில் அந்த அறையில் நிற்பவன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே என் ஆளை வெளியே எடுத்து, அவரை உள்ளே அனுப்பினேன். பன்னிரண்டு வருடம் அவர் கெட்டுக்கொண்டு வந்ததை வருடத்துக்கு ஒரு முறை என் வாசலிலேயே பார்த்தேன். அதற்குப் பிறகு, அவரைக் காப்பாற்ற ஓர் எண் போதும் என்று இருந்தபோது அந்த எண்ணைப் போடவில்லை. கீழே கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பாதிக்கப்பட்டவர் தரப்பில் என்மீது புகார் எதுவும் இல்லை என்பதற்கு ஆதாரமாக இந்த வருடப் பழத்தையும் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். பதினெட்டு கிலோ. நேற்றுதான் அறுத்தேன். எண்ணெய் தாராளமாகவே தடவியிருந்தேன், கையில் ஒரு சொட்டுப் பால் ஒட்டவில்லை.